முந்நூறு சட்டை, மூவாயிரம் பேர்: ஸ்ட்ரீட்வேர் வியாபாரம் எப்படி நடக்கிறது?

2016-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சுப்ரீம் என்ற துணி நிறுவனம் ஒரு செங்கலை விற்றது. சாதாரணச் செங்கல்தான், மேலே நிறுவனத்தின் பெயர் பதிந்திருந்தது. விலை 30 டாலர். வந்த வேகத்தில் தீர்ந்து, பிறகு இணையத்தில் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. அதே நிறுவனத்தை 2020-ல் விஎஃப் கார்ப்பரேஷன் 210 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நான்கே ஆண்டில், 2024-ல், மூக்குக்கண்ணாடி தயாரிக்கும் எஸ்ஸிலோர்லக்ஸாட்டிகா நிறுவனத்துக்கு 150 கோடி டாலருக்கு விற்றுவிட்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். செங்கல் விற்ற கடைக்கு 210 கோடி டாலர் எப்படி வந்தது? வந்த மதிப்பு நான்கு ஆண்டில் 60 கோடி எப்படிக் குறைந்தது? இந்தச் சந்தேகங்கள் நியூயார்க்கோடு நிற்பதில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கிற பையன், இன்ஸ்டாகிராமில் ராத்திரி எட்டு மணிக்கு வரப்போகும் ஒரு டி-ஷர்ட்டுக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். வண்ணார்பேட்டையில் அதே மாதிரி துணியில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இவன் ஏன் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறான் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் துணியில் இல்லை. எவ்வளவு செய்வது, யாருக்குக் கொடுப்பது, எதை ஒருபோதும் செய்யாமல் இருப்பது என்று அந்தப் பிராண்ட் எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

1. ஸ்ட்ரீட்வேர்: அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு, ஹிப்ஹாப் போன்ற கூட்டங்களுக்குள் பிறந்த உடை. டி-ஷர்ட், ஹூடி, தொப்பி, தளர்வான பேன்ட் என்று அன்றாடம் போடுவதுதான். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லகுனா பீச் பகுதியில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஷான் ஸ்டூசி, பலகையில் போடும் தன் கையெழுத்தையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றார். இந்த வகைக்கு அதை ஒரு தொடக்கப்புள்ளியாகச் சொல்வார்கள்.

2. டிராப்: சரக்கை மொத்தமாகக் கடையில் குவிக்காமல், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் சிறு சிறு தொகுதியாக இறக்குவது. சுப்ரீம் பல ஆண்டுகளாக வியாழக்கிழமைதோறும் இப்படி இறக்கியது. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

3. ரீசேல்: கிடைத்தவர், கிடைக்காதவருக்குக் கூடுதல் விலைக்கு விற்பது. நம் ஊரில் சினிமா டிக்கெட்டை பிளாக்கில் விற்ற அதே வேலை. இப்போது அதற்கென்றே இணையச் சந்தைகள் இருக்கின்றன.

4. கொலாப்: இரண்டு பிராண்டுகள் சேர்ந்து ஒரு பொருளை வெளியிடுவது. 2000-ல் தன் சின்னத்தைப் போன்ற வடிவத்தை ஸ்கேட்போர்டில் போட்டதற்காக சுப்ரீமை வழக்கறிஞர் கடிதம் அனுப்பி நிறுத்தவைத்த லூயி விட்டான் என்ற பிரெஞ்சு ஆடம்பர பிராண்ட், 2017-ல் அதே சுப்ரீமோடு சேர்ந்து உடை வெளியிட்டது.

5. ஹைப்: பொருள் வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் பரவும் பேச்சு. இது தானாகவும் வரும், திட்டம் போட்டும் வரவழைக்கலாம்.

கீழரத வீதியில் தெரியும் அடிப்படை

இந்த வியாபாரத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள நெல்லைக்காரர்கள் நியூயார்க் போக வேண்டாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய் நின்றால் போதும்.

இருட்டுக்கடை நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. பெயர்ப்பலகை கிடையாது. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊர் வைத்த பெயர்தான் இருட்டுக்கடை. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும். சாயங்காலம் திறந்து, கொஞ்ச நேரத்தில் அன்றைய அல்வா தீர்ந்துபோகும். அப்புறம் வந்தவர்கள் மறுநாள்தான் வர வேண்டும். நடந்து போகிற தூரத்தில் வேறு பல கடைகளில் அல்வா காலையிலிருந்தே கிடைக்கிறது. ஆனாலும் வெளியூர்க்காரர் ஒருவர் ஜங்ஷனில் இறங்கினால் முதலில் விசாரிப்பது எந்தக் கடையை என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை அந்தக் காலத்தில் யாரும் மார்க்கெட்டிங் என்று அழைக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரீட்வேர் பிராண்டுகள் இன்று திட்டமிட்டுச் செய்கிற எல்லாமே இதில் இருக்கிறது: குறைந்த அளவு, குறித்த நேரம், ஒரே இடம், பலகை இல்லாத அடையாளம், வரிசை. முக்கியமாக, தீர்ந்த பிறகு அவசரமாகக் கிண்டி யாருக்கும் கொடுப்பதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

குறைவாக இருந்தால் மனசு ஏன் அலைகிறது?

1975-ல் ஸ்டீஃபன் வோர்ச்சல் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரே மாதிரி பிஸ்கட்டை சிலருக்குப் பத்து இருக்கும் ஜாடியிலிருந்தும், சிலருக்கு இரண்டே இருக்கும் ஜாடியிலிருந்தும் கொடுத்தார்கள். இரண்டு இருந்த ஜாடியின் பிஸ்கட்டுக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது. முதலில் பத்தைக் காட்டிவிட்டு, கண்ணெதிரே அதை இரண்டாகக் குறைத்தபோது மதிப்பு இன்னும் ஏறியது. அதிலும், "மற்றவர்கள் கேட்டார்கள், அதனால் குறைந்தது" என்று சொன்னபோதுதான் மிக அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. குறைவு என்பதை விட, குறைந்துகொண்டே வருகிறது என்பதற்கு வலிமை அதிகம். அதைவிடவும், இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவதால் குறைகிறது என்பதற்கு. அல்வாக்கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் இரண்டு கிலோ என்று சொல்லும்போது நெஞ்சு திக்கென்கிறதே, அதுதான் இது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தச் சோதனையில் குறைந்த பிஸ்கட்டுக்கு ஆசை கூடியதே தவிர, ருசி கூடியதாக யாரும் சொல்லவில்லை. குறைவு ஆளை ஒருமுறை கூட்டிவரும். மறுமுறை கூட்டிவருவது ருசிதான். அல்வா சுமாராக இருந்தால் வரிசை ஒரு வாரத்தில் கரைந்துவிடும். டி-ஷர்ட் இரண்டு துவைப்பில் அச்சு உரிந்தாலும் அப்படித்தான்.

பொருளாதாரப் பக்கத்தில், 1950-ல் ஹார்வி லைபன்ஸ்டைன் வாங்கும் ஆசையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் வாங்குவது ஒன்று. யாரிடமும் இல்லை என்பதால் வாங்குவது இன்னொன்று. விலை அதிகம் என்று ஊருக்குத் தெரிவதற்காக வாங்குவது மூன்றாவது. பட்டுச்சேலைக் கடைகள் பெரும்பாலும் மூன்றாவதை நம்பியிருக்கின்றன. ஆடித் தள்ளுபடி முதலாவதை நம்பியிருக்கிறது. ஸ்ட்ரீட்வேர் செய்கிற வித்தை, ஒன்றுக்கொன்று எதிரான முதல் இரண்டையும் ஒரே பொருளில் சேர்ப்பது. எல்லோருக்கும் வேண்டும், ஆனால் சிலரிடம் மட்டும் இருக்கும். இந்த இடைவெளி இருக்கும்வரை பிராண்ட் இருக்கும்.

சரி, விலையை ஏன் ஏற்றவில்லை?

முந்நூறு சட்டைக்கு மூவாயிரம் பேர் வந்தால் விலையை ஏற்று என்பதுதான் சந்தைக் கணக்கு. கடைக்கார அண்ணாச்சி யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். 1991-ல் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் இதே கேள்வியை ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்துக் கேட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு மீன் உணவகத்தில் எப்போதும் வரிசை. எதிர்ப்பக்கம் ஏறக்குறைய அதே விலையில், அதே தரத்தில் இன்னொரு உணவகம். அங்கே இடம் காலியாகக் கிடந்தது. வரிசை நிற்கிற கடை ஏன் விலையை ஏற்றவில்லை?

அவர் சொன்ன விளக்கம் இது: சில பொருள்களில் ஒருவருடைய ஆசை, மற்றவர்கள் எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விலையை ஏற்றினால் வரிசை குறையும். வரிசை குறைந்தால், வரிசையைப் பார்த்து வந்தவர்களும் வரமாட்டார்கள். கொஞ்சம் ஏற்றப்போய் மொத்தமாகச் சரிந்துவிடும். ஆக, வரிசைக்கும் ஒரு விலை உண்டு. கடைக்காரர் அதைத் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறார்.

ஸ்ட்ரீட்வேர் பிராண்டுகளும் இப்படித்தான். ரீசேல் சந்தையில் ஐயாயிரத்துக்குப் போகும் சட்டையை ஆயிரத்துக்குக் கொடுக்கும்போது, அந்த நாலாயிரத்தை அவர்கள் விளம்பரத்துக்குச் செலவழித்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆயிரத்துக்குக் கிடைத்தவன் ஏதோ பரிசு விழுந்த மாதிரி ஊரெல்லாம் சொல்வான். கிடைக்காதவன் அடுத்த டிராப்புக்கு இன்னும் அரைமணி நேரம் முன்னதாக வருவான். இன்னொரு காரணமும் இருக்கிறது. விலை ஏறினால் போடுகிற ஆள் மாறிவிடுவார். ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பையனுக்குக் கட்டுப்படியாகாத ஸ்கேட்போர்டு பிராண்டை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் எத்தனை நாள் மதிப்பார்கள்?

துட்டுக் கணக்கு

மனசை விட்டுவிட்டு முதலைப் பார்ப்போம். திருப்பூரில் துணி எடுத்து, தைத்து, அச்சடித்து வாங்கும் ஒரு சிறு பிராண்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிதலுக்காகப் போட்டவை. பார்சல் செலவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

1. முதல் வழி: 300 சட்டை. குறைவாகச் செய்வதால் அடக்கவிலை கூடும், ஒன்று 350 ரூபாய். முதல் 1,05,000. ஒன்று 999 ரூபாய்க்கு மொத்தமும் விற்றால் வரவு 2,99,700. கையில் நிற்பது 1,94,700.

2. இரண்டாம் வழி: 1,000 சட்டை. அடக்கம் 300 ரூபாய்க்கு இறங்கும். முதல் 3,00,000. 999 ரூபாய்க்கு 600 விற்கிறது, வரவு 5,99,400. மீதி 400 தேங்குகிறது. தள்ளுபடி போட்டு 299-க்குத் தள்ளினால் 1,19,600. மொத்த வரவு 7,19,000. கையில் நிற்பது 4,19,000.

பார்த்த உடனே இரண்டாம் வழிதான் லாபம் என்று தோன்றும். ஒரு தடவைக்கு என்றால் உண்மைதான்; இதை மறைத்துக் குறைவின் பெருமையைப் பாடுவது சரியல்ல. ஆனால் மூன்று விஷயம் கணக்கை மாற்றுகிறது. முதலாவது, 300 சட்டை ஒரே நாளில் தீர்ந்தால் அதே ஒரு லட்சத்தை உடனே சுற்றலாம். மூன்று டிராப் போனால் லாபம் 5,84,100. வீட்டிலிருந்து போட்ட முதல் அதே 1,05,000 தான். இரண்டாவது, ஒரு டிசைன் எடுபடவில்லை என்றால் நஷ்டம் ஒரு லட்சத்தோடு நிற்கும். வட்டிக்கு வாங்கி மூன்று லட்சம் போட்டவன் நிலைமை வேறு. மூன்றாவதுதான் பெரியது. 999-க்கு வாங்கிய 600 பேரும், அதே சட்டை 299-க்குப் போவதைப் பார்க்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் 999 கொடுக்கமாட்டார்கள், தள்ளுபடிக்குக் காத்திருப்பார்கள்.

ஆடி மாதம் பொறந்தால் வாங்கலாம் என்று ஆனியில் ஜவுளி எடுப்பதை ஒத்திப்போடுகிற நமக்கு இது புதிதல்ல. தள்ளுபடி என்பது வாங்குபவரைப் பழக்குவது. ஒருமுறை பழகியவரை மாற்றுவது பெரும்பாடு. பெரிய ஜவுளிக்கடை அதைத் தாங்கும், ஏனென்றால் அதற்கு ஆயிரம் வகைச் சரக்கு இருக்கிறது. ஒரே ஒரு டி-ஷர்ட்டை நம்பியிருக்கும் பிராண்ட் தாங்காது.

டோக்கியோவில் 1993-ல் தொடங்கிய எ பேதிங் ஏப் என்ற ஸ்ட்ரீட்வேர் பிராண்ட் இந்தக் கணக்கின் முதல் பாதியை அழகாகக் காட்டியது. அதைத் தொடங்கிய நிகோ, ஆரம்பத்தில் வாரத்துக்கு முப்பது, ஐம்பது என்ற அளவில்தான் டி-ஷர்ட் அச்சடித்தார்; அதிலும் பாதியை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தார். அந்த நண்பர்கள் இசைக்கலைஞர்கள், ஹராஜுகு பகுதியின் ஸ்டைலைத் தீர்மானித்தவர்கள். அடக்கவிலைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. இரண்டாம் பாதியும் அதே பிராண்டிலேயே நடந்தது. கடைகள் பெருகின, கடன் ஏறியது, 2011-ல் ஹாங்காங் நிறுவனம் ஒன்று அதன் 90 சதவீதப் பங்கை ஏறக்குறைய 28 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. உலகம் முழுக்க அறிந்த பெயருக்கு அது அற்ப விலை.

விளம்பரம் மாதிரித் தெரியாத விளம்பரம்

1994 ஏப்ரலில் ஜேம்ஸ் ஜெபியா நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் சுப்ரீம் கடையைத் திறந்தார். துணிகளைச் சுவரோரமாக அடுக்கி நடுவில் இடம் விட்டார். ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள் பலகையோடு உள்ளே வரலாம். கடையில் வேலை பார்த்ததும் அவர்களே. அதே ஆண்டு, நகரம் முழுக்க ஒட்டியிருந்த கால்வின் கிளைன் விளம்பரங்களின் மேல் சுப்ரீமின் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. விளம்பரப் பலகைக்குக் காசு கொடுத்தது ஒருவர், பேசப்பட்டது இன்னொருவர். இன்னொருவர் போஸ்டர் மேல் ஒட்டுவது குற்றமாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செய்து பார்க்கச் சொல்லவில்லை.

பிற்பாடு அவர்கள் தொட்ட இடங்கள் இன்னும் சுவாரசியமானவை. 2017 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோ ரயிலின் பயணச்சீட்டு அட்டையில் சுப்ரீம் பெயர் வந்தது. சில நிலையங்களின் இயந்திரங்களில் இரண்டு பயணத்துக்கான 5.50 டாலருக்கே கிடைத்தது. கூட்டம் தாங்கவில்லை. 2018 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழின் முதல் பக்கம் வெறும் சுப்ரீம் பெயரோடு வெளிவந்தது. காலையிலேயே நாளிதழ் தீர்ந்துபோனது. பயணச்சீட்டும் நாளிதழும் செங்கலும் ஒரே விஷயத்தைச் சோதிக்கின்றன: பொருளை முழுக்க எடுத்துவிட்டால் பெயருக்கு மட்டும் என்ன மதிப்பு?

லண்டனின் கோர்ட்டீஸ் இன்னொரு திசையில் போனது. 2017-ல் கிளின்ட் என்ற இளைஞர் தொடங்கிய பிராண்ட். இன்ஸ்டாகிராம் கணக்கைப் பூட்டி வைத்தார். அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக முடியும். இணையக் கடைக்குக் கடவுச்சொல் போட்டார். எல்லோரும் கதவைத் திறந்து வைத்து "வாங்க வாங்க" என்று கூப்பிடும் காலத்தில், கதவைச் சாத்தினார். 2022 ஜனவரியில் அவர் செய்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது: பெரிய பிராண்டுகளின் விலையுயர்ந்த குளிர்கால ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், பதிலுக்குக் கோர்ட்டீஸ் ஜாக்கெட் தரப்படும். இடத்தைக் கடைசி நேரத்தில்தான் அறிவித்தார். கூட்டம் ஓடிவந்தது. சேர்ந்த ஜாக்கெட்டுகளை வீடில்லாதவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள்.

இதில் எத்தனை காரியம் ஒன்றாக நடக்கிறது என்று பாருங்கள். காசு வாங்கவில்லை. ஆனால் என் ஜாக்கெட் உங்கள் பழைய பெரிய பெயரைவிட மேல் என்று வாங்குபவரையே தெருவில் நின்று சொல்லவைத்தார். காணொளி எடுத்துப் பரப்பியது வந்தவர்கள். நல்ல காரியத்தில் முடிந்ததால் வெளியூர்க்காரரும் மெச்சினார்கள். பெயர் விஷயத்தில் கோர்ட்டீஸோடு முரண்பட்ட நைக்கியே 2023-ல் அதனோடு சேர்ந்து ஷூ வெளியிட்டது.

இந்த வித்தைகள் எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்று. பிராண்ட் பேசுவதில்லை, ஆட்கள் பேசிக்கொள்ள ஒரு சம்பவத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. ஸ்கேட்போர்டு கூட்டம், ஹராஜுகு நண்பர்கள், மேற்கு லண்டன் பையன்கள் என்று முதலில் ஒரு சிறு வட்டம் இருந்தது. குறைவாகச் செய்த சட்டை முதலில் அந்த வட்டத்தின் அடையாளம் ஆனது. வெளியே இருப்பவர்கள் ஆசைப்பட்டது சட்டைக்கு என்பதைவிட அந்த வட்டத்துக்கு.

நம் பக்கத்திலும் அதன் விதை இருக்கிறது. கிழக்கே ஊர் ஊருக்குக் கபடிக் குழு உண்டு. முதுகில் ஊர்ப்பெயர் போட்டு ஜெர்சி அச்சடிப்பார்கள். விளையாடுகிறவனுக்கும் கூடவே அலைகிற நாலு பேருக்கும் மட்டும்தான். துட்டு கொடுத்தால் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுப்பார்களா? மாட்டார்கள். அந்த ஜெர்சிக்கு இருக்கிற மதிப்பு, அல்வா படத்தையும் "ஏலே" என்ற சொல்லையும் அச்சடித்து எல்லோருக்கும் விற்கிற டி-ஷர்ட்டுக்கு வரவே வராது. திருநெல்வேலி என்ற பெயரைப் போட்டுவிட்டாலே நெல்லை பிராண்ட் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் இங்கே தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு.

எங்கே உடைகிறது?

சுப்ரீமின் 60 கோடி டாலர் சரிவுக்கு இப்போது வரலாம். 2017-ல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய பாதிப் பங்கை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் விஎஃப் முழுதாக வாங்கியது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு விற்பனை வளர்ந்ததாகக் காட்ட வேண்டும். குறைவாக விற்பதால் மதிப்புப் பெற்ற பெயரை, அதிகமாக விற்பதற்காக வாங்குகிறார்கள். இந்த முரண் எளிதில் தீராது. புதிய நகரங்களில் கடை திறக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. விஎஃப் நிறுவனத்துக்கு மற்றப் பிராண்டுகளிலும் தொல்லை இருந்தது, கடனும் இருந்தது. சரிவுக்கு அதுவும் காரணம். ஆனால் வியாழக்கிழமை வந்த சட்டை சனிக்கிழமையும் கடையில் தொங்கினால், வாசலில் நின்ற பையன் அதை உடனே கண்டுகொள்வான்.

மற்ற உடைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. கூட்டம்: 2005 பிப்ரவரியில் ஜெஃப் ஸ்டேபிள் வடிவமைத்த, புறாப் படம் போட்ட நைக்கி ஷூ மொத்தம் 150 ஜோடிதான் வந்தது. நியூயார்க் கடை வாசலில் தள்ளுமுள்ளாகிப் போலீஸ் வர வேண்டியிருந்தது. 2014-ல் சுப்ரீம் வெளியிட இருந்த ஒரு ஷூவின் கடை விற்பனையே பாதுகாப்புக் காரணத்தால் நிறுத்தப்பட்டது. ரதவீதி மாதிரி இடத்தில் டிராப் வைக்க நினைக்கிறவர்கள் டோக்கன், நேரம் பிரித்தல், போலீஸ் அனுமதி எல்லாவற்றையும் முன்னாலேயே யோசிக்க வேண்டும். ஒரு சட்டைக்காக ஒரு பிள்ளை மிதிபடக் கூடாது.

2. இயந்திரம் வாங்குவது: டிராப் தொடங்கிய நொடியில் மென்பொருளை வைத்து மொத்தத்தையும் அள்ளிவிடும் ரீசேல்காரர்கள் இருக்கிறார்கள். உண்மையான ரசிகருக்கு மூன்று முறை கிடைக்காவிட்டால் நாலாவது முறை வரமாட்டார்.

3. போலி: இத்தாலியில் சுப்ரீம் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் வியாபாரம் செய்தது. 2018 டிசம்பரில் சீனாவில் சாம்சங் அந்தப் போலி நிறுவனத்தோடு கூட்டு அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. இந்தியாவில் உடைக்கான வணிகச்சின்னம் 25-ம் வகுப்பில் பதிவாகிறது. தனிநபர், சிறுநிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். அல்வாவுக்கே ஊரில் எத்தனை பெயர்கள் ஒன்றையொன்று போல ஒலிக்கின்றன என்று பார்த்தவர்கள், டிசைனுக்கு முன் இதைச் செய்வார்கள்.

4. பொய்க் குறைவு: "இன்னும் 2 மட்டுமே" என்று திரையில் ஓடவிட்டு, பின்னால் குடோனில் எண்ணூறு வைத்திருப்பது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வியாபாரத்தில் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. பட்டியலில் முதலில் இருப்பதே பொய்யான அவசரம். 300 செய்துவிட்டு 300 என்று சொல்வது வியாபாரம். 3,000 செய்துவிட்டு 300 என்று சொல்வது மோசடி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நாலாவது விஷயம் சட்டத்தோடு முடிவதில்லை. "இனி வராது" என்று சொன்ன சட்டை ஆறு மாதத்தில் "மக்கள் வேண்டுகோளுக்கு இணங்க" திரும்ப வந்தால், முதலில் வாங்கியவரிடம் இருப்பது வெறும் துணி. அவர் கொடுத்த ஆயிரத்தில் முந்நூறு துணிக்கு, மீதி அந்த வாக்குக்கு.

உண்மையிலேயே குறைவான ஒரு பொருள்

குறைவுதான் மதிப்பைத் தருகிறது என்றால், திருநெல்வேலிச் சீமையிலேயே பெரிய பிராண்ட் பத்தமடையில் இருந்திருக்க வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் அந்த ஊரின் பட்டுப்பாய்க்குக் கோரைப்புல்லை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, நூல் கனத்துக்குக் கீறி எடுக்கிறார்கள். சாதாரணப் பாயைவிடப் பாவு நூல் பல மடங்கு நெருக்கம். ஒரு நல்ல பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இங்கே டிராப் வைத்து யாரும் நாடகம் ஆட வேண்டியதில்லை. ஆசைப்பட்டாலும் அதிகம் செய்ய முடியாது.

இருந்தும் அந்தக் குறைவு நெய்கிறவருக்கு வருமானமாக மாறவில்லை. காரணங்களை இதுவரை பார்த்ததோடு ஒப்பிட்டால் தெளிவாகத் தெரியும்.

1. வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. பாய் வியாபாரி கைக்குப் போய், கண்காட்சிக்கும் நகரத்துக் கடைக்கும் போகிறது. ஒரு பாய்க்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, நெய்கிறவருக்கும் தெரியாது.

2. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாய் கிடக்கிறது. கண்ணுக்குப் பாய் பாய்தான். பட்டுப்பாயின் பாவு நெருக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

3. விலையை முடிவு செய்வது நெய்கிறவர் இல்லை. சுப்ரீம் தன் கடையிலும் தன் இணையத்திலும் மட்டுமே விற்றது நீண்ட காலம். இருட்டுக்கடையும் தன் வாசலிலேயே விற்கிறது. விற்கும் வாசல் சொந்தமாக இல்லாதவருக்குக் குறைவின் பலன் போய்ச் சேராது. இடையில் நிற்பவருக்குப் போகும்.

4. பெயர். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; நல்லது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. எந்த வீட்டில், யார் கையால், எத்தனை நாளில் நெய்தது என்பதை அது சொல்லாது.

செய்யக்கூடியதும் பெரிய காரியமில்லை. ஆண்டுக்கு எத்தனை பட்டுப்பாய் முடியும் என்பதை முன்னாலேயே அறிவிப்பது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். முன்பதிவுக்கு ஒரு நோட்டு, அந்த நோட்டின் நீளம் வெளியே தெரியும்படி ஒரு பக்கம். பாதி முன்பணம், அது நேராக நெய்கிறவர் கணக்குக்கு. எண்ணிக்கை முடிந்தால் அடுத்த ஆண்டுதான், எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கேட்டாலும்.

கல்யாணத்துக்குச் சொல்லி நெய்யும் பாயில் மணமகன், மணமகள் பெயரைக் கோரையிலேயே எழுத்தாக்கிக் கொடுக்கிற வழக்கம் பத்தமடையில் பல காலமாக உண்டு. எழுத்தை நெய்யத் தெரிந்த கைதான். அதே பாயின் மூலையில், விரல் அகலத்தில், நெய்தவர் பெயரும் இருக்கலாம்.